நாலே முக்கால் சங்கு

விடியற்காலை நாலே முக்கால். கொழும்பு தெமட்டகொடையில் ரயில் யார்டுக்குப் பின்னால் போகிற ரோட்டு... ஒரு பக்கம் நெசவாலை மதில், மறுபக்கம் கால்வாய். ஆலை மூடி இருபது வருஷம். கறண்ட் வரும்வரை காத்திருக்காமல் கிட்ட வந்து உட்காருங்கள்.

அந்த ரோட்டில் நம் ஜெயகுமாரின் மச்சாள் யோசெப்பின் தனியாக நடந்தாள். சிரிக்காதே ஹரிசன், அவளுக்கு வேறு வழியில்லை. மகள் மேனகாவுக்கு நாலு வயதாகியும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. காட்டாத டாக்டர் இல்லை. கடைசியில், செவ்வாய்தோறும் முதல் பஸ்ஸில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் கொண்டுபோவதாக நேர்த்தி வைத்திருந்தாள். பிள்ளை தோளில் கிடந்தது.

மதிலில் பாதி தூரம் போனதும் ஒரு வாசம்... மெஷின் எண்ணெய், கஞ்சி, ஈரப் பஞ்சு. செத்துப்போன அம்மாவின் வாசம். அம்மா அங்கே தறி ஓட்டியவள். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால் அந்தப் பெண்கள் குரலில்லாமல் உதட்டால்தான் கதைப்பார்கள். ஆலைக்காரர் குடியிருந்த லைன் வீட்டிலும் அதே பழக்கம். யோசெப்பின் சின்ன வயதில் பழகிய பேச்சு அது. அம்மா போனபின் யாரோடும் அப்படிக் கதைத்ததில்லை.

பின்னால்... சரக், சரக். ரப்பர் செருப்புகள். நிறைய. அவள் நின்றால் அவையும் நின்றன.

கழுத்தில் பிள்ளையின் உதடு அசைந்தது. சத்தமில்லை. இறக்கிவைத்து முகத்தைப் பார்த்தாள். பிள்ளை தாய்க்குப் பின்னால் பார்த்தபடி உதட்டை அசைத்தது.

"ஓம்... மேனகா... நாலு வயசு."

முதலில் வந்தது சந்தோஷம். என் பிள்ளை கதைக்கிறாள்! பிறகுதான் உறைத்தது. அந்தப் பேச்சை அவள் பிள்ளைக்குக் காட்டியதே இல்லை.

பிள்ளை இப்போது தாயைப் பார்த்தது.

"ஷிப்டுக்கு ஒரு ஆள் குறையுதாம் அம்மா. நான் போகட்டா?"

யோசெப்பின் திரும்பினாள். என்ன கண்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. தான் உதட்டால் சொன்னதை மட்டும் ஜெயகுமாரிடம் சொல்லியிருக்கிறாள்.

"அவள் வேணாம். நான் வாறன்."

உடனே சங்கு ஊதியது... இருபது வருஷமாக ஊதாத ஆலைச் சங்கு.

மேனகா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வாய் ஓயாது. யோசெப்பின் தினமும் விடியற்காலை நாலரைக்குத் தலைவாரிக்கொண்டு வெளியே போகிறாள். பகல் ஒரு மணிக்கு வந்து படுத்துவிடுவாள். போன கிழமை ஜெயகுமார் பக்கத்தில் நின்று கூப்பிட்டிருக்கிறான். அவளுக்குக் காது கேட்கவில்லை. தலைமுடி முழுக்க வெள்ளைப் பஞ்சு.