பெரியம்மாவை நான் இரட்சித்த விதம்

"நான் பரலோகத்துக்குப் போவேனாடி?" என்று பெரியம்மா ஒருமுறை என்னிடம் கேட்டார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சும்மா கேட்டதுதான். ஆனால் யாராவது என்னை நம்பி ஒன்றைக் கேட்டால் நான் அதைப் பாதியில் விடுகிறவள் அல்ல.

பெரியம்மா தையல்காரி. பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் அவர் கடையில் பொத்தான் கட்டி, ஓரம் மடித்துத் தைத்தேன். கூலிக்குத் தைப்பது பாதி, இல்லாதவர்களுக்கு இனாமாகத் தைப்பது மீதி. போகிற இடமெல்லாம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அவர் அப்படிக் கேட்ட வாரத்து ஞாயிறு போதகர், நற்கிரியைகளால் ஒருவரும் இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது, விசுவாசம் ஒன்றே வழி, கிரியைகளை நம்பிப் பெருமைப்படுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள் என்று பிரசங்கித்தார். நான் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். தலையாட்டிக்கொண்டே முன்பெஞ்சுக்காரரின் கழுத்து அளவைக் கண்ணால் எடுத்துக்கொண்டிருந்தார். போதகர் சொன்ன ஏமாறுகிற ஆள் இவர்தான்.

நேரில் சொல்லியிருக்கலாம். கூச்சம். ஆகவே அவருடைய நற்கிரியைகளை மட்டும் சத்தமில்லாமல் அப்புறப்படுத்த முடிவு செய்தேன்.

சபையில் ஐந்து ஏழைகளுக்கு அவர் பேண்ட் தைத்து வைத்திருந்தார். அடுத்த ஞாயிறு அவர் ஆராதனைக்குப் போனபோது நான் கடையிலேயே இருந்து, பின்பக்கத் தையலையெல்லாம் பிரித்து, லேசாக இழுத்தாலே விட்டுப்போகும் நீளத் தையலாகப் போட்டேன். வெளியே தெரியாது. அதற்கடுத்த ஞாயிறு எல்லோரும் ஜெபிக்க முழங்காலிட்டபோது வரிசையாக ஐந்து சத்தம் கேட்டது. ஆராதனை முடிந்தும் ஐந்து பேரும் எழவில்லை. ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று போதகர் இன்னொரு பாட்டுப் பாடச் சொன்னார்.

பிறகு சட்டைக் கைகள் கழன்றன. ஒரு கல்யாணப் பெண்ணின் உடையைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. அவள் இப்போது வேறு ஊரில் இருக்கிறாள்.

கும்பிட்டவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். பெரியம்மா யாரையும் நொந்துகொள்ளவில்லை. தன் பார்வைதான் போய்விட்டது என்று முடிவுகட்டி, சந்தையில் ஒரு தடித்த கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். அதன்பின் ஆள் என்று நினைத்து அலமாரிக்கு ஸ்தோத்திரம் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. அவர் விசுவாசிக்கத் தொடங்கியிருந்தார். எதை என்பது இரண்டாம்பட்சம்.

கடைசியில், மெஷினை விற்றுவிடப்போவதாகவும், கண்ணுக்காக ஜெபிக்க வேண்டும் என்றும் சொல்லி, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனார். போதகர் கண்களை மூடினார். வீண் ஜெபம் எதற்கு என்று, நடந்ததையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

போதகர் கண்களைத் திறந்தார். "அந்தப் பிரசங்கத்துக்கு அடுத்த வாரம் நீ வரலையாம்மா? கிரியை இல்லாத விசுவாசம் செத்ததுன்னு மீதிப் பாதியை அன்னைக்குத்தானே சொன்னேன்."

"அன்னைக்குத் தையல் பிரிச்சுக்கிட்டு இருந்தேன் ஐயா."

"எல்லாமே நீயாடி?" என்றார் பெரியம்மா.

"ஆமா பெரியம்மா. ஒண்டி ஆளா."

கிரியையும் வேண்டுமென்றால் அதிலும் எனக்குக் குறை இல்லை. இத்தனை நாள் கூலி வாங்காமல், ஒரு நன்றிகூட எதிர்பார்க்காமல், இன்னொருவருடைய ஆத்துமாவுக்காக உழைத்திருக்கிறேன். இதைவிடச் சுத்தமான நற்கிரியையை இந்தச் சபையில் யாராவது செய்ததுண்டா என்று போதகரைக் கேட்டேன்.

பெரியம்மா எழுந்தார். நன்றி சொல்லத்தான் எழுகிறார் என்று நினைத்து, வாசல்வரை பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் அந்தக் கையைத் தொடாமல் சுற்றிப் போய்ப் படியிறங்கினார்.