கடைசிக் குப்பி

ஆய்வகத்தில் வளரும் செல்களுக்கு வாரம் இரண்டு தடவை உணவுநீர் மாற்ற வேண்டும். பதினெட்டு வருஷத்தில் நான் அதை ஒரு தடவைகூட மறந்ததில்லை. கல்யாண நாளைத்தான் மறந்திருக்கிறேன்.

என் மனைவி அதைச் சொல்லிக் காட்டாத வருஷம் கிடையாது. ஆனாலும் கொழுப்பு தானத்துக்கு ஆள் கிடைக்காமல் நாங்கள் திண்டாடியபோது அவளே முன்வந்தாள். "இத்தனை வருஷமா என் தொப்பையக் கிண்டல் பண்ணீங்கல்ல? இப்ப அதுதான் ஒரு உசுரக் காப்பாத்தப் போகுது, பாருங்க" என்றாள். அந்தக் கொழுப்பிலிருந்து நான் பிரித்தெடுத்த மூலச்செல்கள், வெறிபிடித்த நோயெதிர்ப்பு செல்களைத் தட்டிக்கொடுத்து அடக்கிவிடும். வீட்டில் என்னையும் அவள் அப்படித்தான் அடக்குவாள்.

மறு வருஷம் மாரடைப்பில் போய்விட்டாள். உறைய வைத்த குப்பிகள் ஏழு இருந்தன. ஆறு நோயாளிகளுக்குப் போய் ஒன்று மிஞ்சியது.

அப்போதுதான் ஒரு ஆறு வயதுப் பெண் குழந்தைக்காகக் கேட்டார்கள். அப்பா கொடுத்த எலும்பு மஜ்ஜை மகளின் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கிக்கொண்டிருந்தது. தோல் உரிந்து, குடல் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்கவில்லை. வேறு யாருடைய செல்லும் தயாராக இல்லை.

அந்தக் கடைசிக் குப்பியைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. என் மனைவியின் செல்களைத் தனியாக ஒரு தட்டிலும் வளர்த்துவந்தேன், விதியை மீறி, பதினாறு தலைமுறைக்கு. அவ்வளவு வயதான செல்லுக்கு உயிர் இருக்கும், அடக்கும் சக்தி இருக்காது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதே நான்தான். அதை மொத்தமாக ஒரு குப்பியில் நிரப்பி, உறைய வைத்த இளம் செல்களைப் போல மூன்றாம் தலைமுறை என்று சீட்டு ஒட்டி அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து டாக்டரம்மா போன் செய்தார். "மருந்து கேக்கவே இல்ல சார். இன்னொரு குப்பி இருக்கா?"

"தீந்துபோச்சும்மா."

பக்கத்திலிருந்து குழந்தையின் அம்மா பேசியது கேட்டது. "இன்னொரு வாட்டி நல்லாத் தேடிப் பாக்கச் சொல்லுங்களேன்."

தேடினேன். உறைகலனைத் திறந்து, குப்பி பத்திரமாக இருப்பதைப் பார்த்துவிட்டு மூடினேன். அப்புறம் இல்லையென்று சொன்னேன்.

வியாழக்கிழமை குழந்தை இறந்துவிட்டது. நான் அழுதேன். அந்த அம்மாவை நினைத்துத்தான் அழுதேன், பொய்யில்லை.

சீட்டை மாற்றி ஒட்டியதும் நான், இல்லையென்று சொன்னதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தடயம் என்று சொல்லி அந்தக் குப்பியை வெளியே எடுத்துவிடாதீர்கள். உருகினால் அவள் செத்துப்போய்விடுவாள்.