அறுநூத்திப் பதினாலுல இன்னொருத்தர்

ஹலோ... ஹலோ, ரிசப்ஷனா?... நான் அறுநூத்திப் பதினாலு... இல்லல்ல, ரூம்லேருந்து பேசல, வெளியில இருக்கேன். மருந்துக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் போட வந்து மூணு மாசமா உங்ககிட்ட தங்கியிருக்கேனே... ஆமா, ஆமா, தினம் வெந்நீர் கேக்கிற அந்த வெந்நீர் மேடமேதான். நீங்கல்லாம் அப்படித்தான் கூப்பிடறீங்கன்னு எனக்குத் தெரியும், அது கெடக்கட்டும். தங்கச்சி, ஒரு அவசரம். யாரையாவது என் ரூமுக்கு அனுப்புங்க... இப்ப. இப்பவே.

...தெரியும். கதவுக்கு மேல மீட்டிங் விளக்கு எரியுது. நான்தான் போட்டுட்டு வந்தேன்... அது எரிஞ்சா யாரும் தட்டக் கூடாதுன்னு உங்க ரூல், அதுவும் தெரியும். அதுக்காகத்தான் போட்டேன்... அய்யோ, மீட்டிங்கும் இல்ல ஒண்ணும் இல்ல. ஒன்பது மணிக்கு உங்காளுங்க வந்து கட்டிலச் சுவத்துக்குள்ள மடக்கிட்டு மேஜைய இழுத்துப் போட்டு ரூம ஆஃபீஸா மாத்துவாங்கல்ல, அவங்க வரக் கூடாதுன்னு போட்டேன்... ஏன்னா...

ஏன்னா அந்தக் கட்டில்ல ஆள் இருக்கு.

...எங்கப்பா.

...இல்ல, ரெஜிஸ்டர்ல இல்ல. ஒரு ரூமுக்கு ஒரு ஆள்தான்னு கம்பெனி கையெழுத்துப் போட்டிருக்கு, தெரிஞ்சேதான் செஞ்சேன், தப்புதான். ரெண்டே நாள்னு கூட்டிட்டு வந்தேன், பதினோரு நாளாயிடுச்சு. வீட்ல தனியா இருந்தப்ப ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டார், அவர யார்கிட்ட விட்டுட்டு வர்றது?... இது எங்க ஆஃபீஸுக்குத் தெரிஞ்சா என் வேலை... சரி, அத விடுங்க. அப்புறமா என்ன திட்டிக்கலாம். இப்ப அவர் போன எடுக்கல.

...தூங்கல, தங்கச்சி! நீங்க புரிஞ்சுக்க மாட்டேங்கிறீங்க. அவருக்கு சுகர். எட்டு மணிக்கு இன்சுலின் ஊசி போட்டுட்டுத்தான் கிளம்பினேன். போட்ட அரை மணி நேரத்துல சாப்பிட்டாகணும். நீங்க காலைல கதவுல மாட்டிட்டுப் போற டிபன் பை ஒண்ணுதானே, ஒரு ஆளுக்குத்தானே. தினம் அத அவருக்கு வெச்சுட்டு நான் இங்க கேன்டீன்ல எதையாவது தின்னுக்குவேன். இன்னைக்கு... இன்னைக்கு அவசரத்துல லேப்டாப்போட சேத்து அதையும் எடுத்துட்டு வந்துட்டேன். சார்ஜரத் தேடுறேன், கையில டிபன் பை வருது. ரெண்டு முட்டை, ரொட்டி, வாழைப்பழம், பிரிக்காம அப்படியே இருக்கு. மணி பத்தே முக்கால்!

...ரூம்ல வேற சாப்பாடு எப்படிக் கைக்கு எட்டும்? அந்த அடுப்படி ஷட்டர்தான் பகல்ல தானா மூடிக்குதே! வீடியோ மீட்டிங்ல அடுப்பும் பாத்திரமும் தெரியக் கூடாதுன்னு எந்த மகராசன் கண்டுபிடிச்சானோ. சக்கரை, பிஸ்கட் எல்லாம் அதுக்குள்ள. அதத் திறக்கிற கார்டு என் கழுத்துல தொங்குது.

...பத்தொன்பது தடவை கூப்பிட்டுட்டேன். ரெண்டு ரிங் விட்டு கட் பண்ணிட்டு மறுபடி அடிச்சா நான்தான்னு எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. அப்பதான் எடுப்பார். அப்படியும் அடிச்சுப் பாத்துட்டேன்... ம்ஹூம்.

...மேனேஜரக் கேக்கணுமா? கேளுங்க, நடந்துக்கிட்டே கேளுங்க! கீழ இருக்கிறவர ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணச் சொல்லுங்க... நான் வர நாப்பது நிமிஷமாகும், கேட்டுல நிக்கிறேன், இன்னும் டாக்ஸி வரல... லிஃப்ட்ல லைன் போயிடுமா? அப்ப படியில போங்க. ஆறு மாடிதான், ஓடுங்க... உங்க கால்ல விழறேன், ஓடுங்க...

...ம்... ம்... எத்தனாவது?... பேசாதீங்க, மூச்ச வெச்சு ஏறுங்க...

வந்துட்டீங்களா? தட்டுங்க. இன்னும் நல்லா... கார்டு போடுங்க... பச்சை வந்தும் திறக்கலையா? உள்தாழ்ப்பாள்... ஆமா, போட்டிருப்பார். போட்டுக்கச் சொன்னதே நான்தான்.

...சத்தமே இல்லையா?

...வராது. சத்தம் வராது, தங்கச்சி. கடவுளே... யார் தட்டினாலும் வாயத் திறக்காதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். டிவி போடாதீங்க. நடக்கிறப்போ செருப்பு வேணாம். தும்மல் வந்தா தலகாணியில தும்முங்க. முந்தாநாள் ரெண்டு தடவை இருமிட்டார்னு அப்படி எரிஞ்சு விழுந்தேன்... பதினோரு நாளா அந்த மனுஷன இருக்கிற இடம் தெரியாம உக்கார வெச்சிருக்கேன். இப்ப அவர் மயங்கிக் கெடக்காரா, நான் சொன்னேன்னு கம்முனு இருக்காரான்னு எனக்கே தெரியலையே!

...ரிப்பேர்காரர் வர இருபது நிமிஷமா? அவ்வளவு நேரம் தாங்காது... இருங்க, இருங்க. கதவுக்குப் பக்கத்துல பேசுற பெட்டி இருக்குல்ல? பட்டன அமுக்கினா உள்ள கேக்கும்ல? உங்க போன ஸ்பீக்கர்ல போட்டு அதுக்கிட்ட வைங்க... வெச்சாச்சா?... அமுக்கிக்கிட்டே இருங்க.

அப்பா... அப்பா, நான்தான். கதவத் திறங்கப்பா. வெளியில நிக்கிறது ரிசப்ஷன் பொண்ணுதான், பயப்படாதீங்க... நான் சொன்னதெல்லாம் விட்டுடுங்கப்பா. பேசலாம். கத்தலாம். எழுந்திருக்க முடியலன்னா கைக்கு எட்டுறத கீழ தள்ளி விடுங்க. எது உடைஞ்சாலும் பரவால்ல... அப்பா! கேக்குதா? ஒரு சத்தம்... ஒரே ஒரு சத்தம் போடுங்கப்பா...

...

தங்கச்சி, ஏதாவது?... ஒண்ணும் இல்லையா... காத கதவுல வெச்சுப் பாருங்க...

...என்ன? என்ன கேட்டுச்சு? இங்க லாரிச் சத்தம்... கண்ணாடி உடைஞ்சுதா? உள்ளயா? அப்பா, அப்படித்தான்! அப்படித்தான்ப்பா! அங்கேருந்து மெதுவா வாங்க. கண்ணாடியில கால் வைக்காதீங்க. தவழ்ந்தாவது வாங்க, சுவத்தப் பிடிச்சுக்கிட்டு... வாங்க... இன்னும் கொஞ்ச தூரம்தான்...

...திறந்துடுச்சா? திறந்துட்டாரா? அய்யோ, வாயத் திறந்து சொல்லுங்களேன்!... தரையிலயா... கண்ணு முழிச்சிருக்காரா?... சட்டையெல்லாம் வேர்வையா... ஆமா, அது சுகர் எறங்கிடுச்சு. உங்க கார்டப் போட்டு ஷட்டரத் திறங்க. காபி மெஷின் பக்கத்துல சக்கரைப் பொட்டலம். முதல்ல ஒரு வாய் தண்ணி குடுத்து முழுங்குறாரான்னு பாருங்க... முழுங்கிட்டாரா? அப்ப நாலஞ்சு பொட்டலத்தக் கரைங்க. சாய்ச்சு உக்கார வெச்சு... மெதுவா, புரையேறப் போகுது... குடிக்கிறாரா?... ஆமா... ஆமா... எல்லாத்தையும் குடிக்கட்டும்.

...என்ன கேக்கிறார்?... குடுங்க. அவர் காதுல வைங்க.

அப்பா... ம்... எனக்கு ஒண்ணுமே கேக்கல, ஏன்ப்பா இப்படிக் குசுகுசுன்னு பேசுறீங்க?... ஆமாப்பா, ஒரு பொண்ணு உள்ள வந்திருக்கா... இல்ல, நீங்க மாட்டிக்கல... கண்ணாடி டம்ளர் தெரியாம விழுந்துடுச்சா? இல்லப்பா, நான்தானே தள்ளி விடச் சொன்னேன்... வேலையெல்லாம் போகாது, யாரு சொன்னா... அப்பா, எங்க எழுந்திருக்கிறீங்க?... பாத்ரூமுக்குள்ள போய் ஒளிய வேணாம்ப்பா! தங்கச்சி, அவரப் பிடிங்க, விழுந்துடப் போறார்!... அப்பா, உக்காருங்க. நல்லா காலை நீட்டி உக்காருங்க. இனிமே ஒளியவே வேணாம். அந்தப் பொண்ணு கையப் பிடிச்சுக்கிட்டு உங்க பேரைச் சொல்லுங்க... ம், சொல்லுங்க... கேக்கலப்பா. இன்னும் சத்தமா... இந்த ரூம்ல இருக்கிறவளோட அப்பான்னு சொல்லுங்க...

...ஆ. கேட்டுச்சுப்பா. கேட்டுச்சு.

...அழல. டாக்ஸி வந்துடுச்சு, ஏறிட்டேன். வெச்சுடறேன்... நீங்க நிறுத்தாதீங்க. நான் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருங்க.