முயலுக்குக் கேட்ட சத்தம்

– அழுது காரியம் சாதிக்கிற வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம்மா. லிஸ்ட்லேருந்து பேரை அடிச்சாச்சு. நாளைக்கு டீம் பஸ் கிளம்பும்போது உன் தங்கச்சி இந்த மைதானத்துப் பக்கமே வரக் கூடாது.

– யாரு சார் அழுதா? கண்ணுல துணிப் பஞ்சு விழுந்திருக்கு. காலையிலேருந்து உங்க டீமுக்குத்தான் ஜெர்சி தைச்சுக்கிட்டிருந்தேன். பத்தாம் நம்பரை மடிச்சு வச்சுட்டு வந்தா, பத்தாம் நம்பரே கிடையாதுங்கிறீங்க. எதுக்குன்னு சொல்லுங்க, போயிடறேன்.

– வயசு.

– என்ன வயசு?

– இது பதினாறுக்குக் கீழ இருக்கிற பொண்ணுங்க ஆடுற போட்டி. உன் தங்கச்சிக்கு இருபத்தஞ்சுக்கு ஒரு நாள் குறையாது.

– எனக்கே இருபத்தொன்பதுதான் சார்.

– அதைத்தான் நானும் சொல்றேன். பக்கத்துல நின்னா ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கீங்க.

– அவளைப் பெத்துப் போட்டுட்டு அன்னைக்கே எங்கம்மா கண்ணை மூடிட்டா. புட்டிப்பால் கரைச்சு ஊத்தினது நான். அம்மா போயி பதினஞ்சு வருஷம். அவ வயசை நான் எவன்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல.

– ஆளுக்கு ஒரு கதை வச்சிருக்கீங்க. மூணு வருஷம் முன்னாடி ஒரு கோல்கீப்பர் இருந்தாளே, அவ அப்பனும் இதே பெஞ்சுல உக்காந்து சத்தியம் பண்ணினான். கடைசியில பாத்தா அவளுக்கு நடக்கிற வயசுல ஒரு குழந்தை. எங்க டீமையே ஒரு வருஷம் வெளிய நிறுத்திட்டாங்க. அந்தக் கேவலத்தை இன்னொரு தடவை பட எனக்குத் தெம்பு இல்ல.

– சர்ட்டிபிகேட் குடுத்திருக்கேன்ல. அதைப் பாருங்க.

– சர்ட்டிபிகேட் பொய் சொல்லும். காது பொய் சொல்லாது.

– காதா?

– வெளிய கூரைக்குக் கீழ ஒரு கறுப்புப் பெட்டி மாட்டியிருக்கேன், பாத்தியா?

– குருவிக்கூடுன்னு நெனச்சேன்.

– நெனப்ப. வாங்கி ரெண்டு மாசம் ஆகுது. சாயங்காலமானா இந்தச் சுவரோரம் விடலைப் பசங்க வந்து உக்காந்துக்கிட்டு பொண்ணுங்களைப் பாத்துப் பல்லிளிக்கிறானுங்க. அவனுங்களை ஓட்டத்தான். சுவிட்சைப் போட்டா கீச்சுன்னு ஒரு சத்தம் வரும். ரொம்ப மெல்லிசு. சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் அது கேக்கும். வயசு ஏற ஏற நம்ம காது உச்சியில இருக்கிற சத்தத்தையெல்லாம் ஒவ்வொண்ணா விட்டுடும். எனக்குக் கேக்காது, உனக்கும் கேக்காது.

– அப்ப சத்தம் வருதுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?

– கடைக்காரன் சொன்னான்.

– சரிதான். கேக்காத சத்தத்தைக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கீங்க.

– படிச்சிருந்தா இந்தக் கிண்டல் வராது. மனுஷன் காதுக்கு ஒரு எல்லை இருக்கு. ஒரு செகண்டுக்கு இருபது அதிர்விலேருந்து இருபதாயிரம் வரைக்கும்தான். அதுவும் இளசா இருக்கும்போது. நாய்க்கு அதுக்கு ரெண்டு மடங்கு கேக்கும். பூனைக்கு அதுக்கும் மேல. வௌவால் லட்சத்தையே தொடும். யானை இருக்கே, அது நமக்கு எட்டாத அடிச் சத்தத்துல பேசிக்கும்.

– என்ன பேசுச்சுன்னும் கடைக்காரன் சொன்னானா?

– உன்கிட்ட போய்ச் சொன்னேன் பாரு. எலாஸ்டிக் வச்சுத் தைக்கிறவளுக்கு யானையைப் பத்தி என்ன தெரியும்.

– எலாஸ்டிக் இல்லேன்னா உங்க டீம் மைதானத்துல மானமா நிக்க முடியாது சார். மேல சொல்லுங்க.

– பெட்டியைப் போட்டதும் டீம் பொண்ணுங்க அத்தனையும் காதைப் பொத்திக்கிட்டு ஓடுதுங்க. சுவரோரம் படுத்திருக்கிற நாய் கூட எந்திரிச்சுப் போயிடுது.

– நாய்க்கும் பதினாறுக்குக் கீழயா?

– வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. உன் தங்கச்சி மட்டும் அந்தப் பெட்டிக்கு நேர் கீழ உக்காந்து நிதானமா ஷூ கயிறு கட்டுறா. ஒரு நாள் இல்ல, தினமும் பாக்கிறேன். முயலாம் முயல். எந்த ஊர் முயலுக்கும்மா காது கேக்காது?

– அந்தப் பேர் வச்சதே காதுக்குத்தான் சார். தொட்டில்ல கிடக்கும்போது என் மிஷின்லேருந்து ஊசி கீழ விழுந்தா முழிச்சுக்கும். கொஞ்சம் வளந்ததும், நான் தெருமுனையில சைக்கிளைத் திருப்பும்போதே வீட்டுக்கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கும்.

– அது அப்போ. இப்போ?

– இப்ப அம்மணிக்குத் தலைக்கனம். உள்ளதை எதுக்கு மறைக்கணும், ஒரு வருஷமா இந்தக் கூத்துதான். கூப்பிட்டா திரும்புறதில்ல. திரும்பினாலும் ‘என்ன’ங்கிறா. எதைச் சொன்னாலும் ‘என்ன’. சட்டி எடுத்துட்டு வாடின்னா தட்டை எடுத்துட்டு வந்து நீட்டுறா. வாசல்ல பெல் அடிச்சா அசையறதில்ல, தைக்கிறதைப் போட்டுட்டு நான் ஓடணும். பேப்பர்ல ஒரு தடவை போட்டோ வந்ததும் மகாராணி ஆயிட்டா. நானும் வையாத வசவு இல்ல.

– என்கிட்டயும் அதே திமிர்தான். விசில் ஊதி மைதானமே நின்னுடும், இவ ஒருத்தி பந்தை உருட்டிக்கிட்டு ஓடிட்டே இருப்பா. போன கோடையில அரையிறுதியில பெனால்ட்டியை வெளிய அடிச்சா பாரு, அன்னைக்குக் குடுத்தது பத்தல.

– என்ன குடுத்தீங்க?

– என்ன குடுப்பாங்க. காதோட சேத்து வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. என் கையில வாங்காத பிள்ளை இந்த மைதானத்துல கிடையாது. அப்பன் ஆத்தா இல்லாம வளர்றதுங்களை யாராவது ஒருத்தர் அடிக்கணும்ல. அலமாரியில இருக்கிற கப்பெல்லாம் பின்ன எப்படி வந்துச்சு?

– வீட்டுல வந்து சொல்லவே இல்லையே.

– வாங்கினதை எவ வெளிய சொல்லிக்குவா.

– சரி. அவளைக் கூப்பிடறேன். கேக்குதா இல்லையான்னு அவ வாயால சொல்லட்டும். வெளியதான் வலையைச் சுருட்டிக்கிட்டு நிக்கிறா.

– கூப்பிடு, எனக்கென்ன வந்துச்சு. ஆனா கேக்குதுன்னுதான் சொல்லுவா. டீம்ல இடம் வேணும்ல. அதுக்கும் ஒரு வழி வச்சிருக்கேன். இந்தா, பிளக்கையே பிடுங்கிட்டேன். வயரு என் கையில இருக்கு. இப்ப பெட்டி பொணம். கேக்குதுன்னு சொன்னாள்னா அவ பித்தலாட்டம் உன் கண்ணு முன்னாலயே வெளிய வந்துடும்.

– பெரிய மனுஷன் சார் நீங்க. பதினஞ்சு வயசுப் பிள்ளைக்குப் பொறி வைக்கிறீங்க.

– முயலுக்குப் பொறிதான் வைக்கணும். கூப்பிடு.

– முயலே. ஏய் முயலே, உன்னைத்தான்டி. பாருங்க, திரும்புறாளா. கையை ஆட்டினாத்தான் மகாராணி பாப்பா. ம், வர்றா.

– என்னக்கா?

– சார் ஒண்ணு கேக்கிறார். ஒழுங்கா பதில் சொல்லு.

– என்ன சார்?

– ஆரம்பிச்சுட்டா ‘என்ன’வை. வெளிய அந்தக் கறுப்புப் பெட்டியைப் போட்டா எல்லாரும் காதைப் பொத்துறாங்களே, கீச்சுன்னு. அந்தச் சத்தம் உனக்குக் கேக்குமா?

– கேக்கும் சார்.

– இப்ப? இந்த நிமிஷம்?

– என்ன சார்?

– இப்ப கேக்குதான்னு கேட்டேன்.

– இப்பவும் கேக்குது சார்.

– கேட்டுக்கிட்டியாம்மா? வயரு என் கையில தொங்குது, இவளுக்குச் சத்தம் கேக்குதாம். பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் மூளை வேணும். கூட்டிட்டுப் போய் மாப்பிள்ளை பாரு, போ.

– பொய் இல்ல சார். கீச்சுன்னு ஒரே மாதிரி கேக்குது.

– வாயை மூடு.

– நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார். என் முகத்தைப் பாருடி. பெட்டி ஓடல. அவர் கையில வயரைப் பாரு. இப்பவும் கேக்குதா?

– ஓடலையா? எனக்கு எப்பவும் போலத்தான் கேக்குது அக்கா.

– அப்ப எல்லாரும் எந்திரிச்சு ஓடினப்போ நீ மட்டும் ஏன்டி அங்கேயே உக்காந்திருந்தே?

– ஓடி என்னக்கா பண்றது. அவங்களுக்குத் தள்ளிப் போனா நின்னுடுது போல. எனக்கு எங்க போனாலும் கூடவே வருது. வீட்டுல படுத்தா இன்னும் ஜாஸ்தியா கேக்குது.

– எப்பலேருந்து? பெட்டி மாட்டினதுலேருந்தா?

– என்ன?

– எப்பலேருந்துடி கண்ணு?

– பெட்டி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியேக்கா. பெனால்ட்டியை விட்டுட்டேன்னு சார் ரெண்டு பக்கமும் அடிச்சாரே, அன்னையிலேருந்து. இந்தப் பெட்டியைப் பாத்ததும் என் காதுல கேக்கிற சத்தமும் சாரோடதுதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன். சார், வயரைத்தான் பிடுங்கிட்டீங்களே, இது எப்ப சார் நிக்கும்?