கருப்பு டைல்ஸ் தரை

வெதுவெதுப்பான தரையில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களுக்குப் புத்தி கொஞ்சம் மந்தமாகிவிடும். டைல்ஸுக்கு அடியில் சூட்டுக்கம்பி பதிப்பதுதான் என் தொழில், அதனால் சொல்கிறேன். நார்வேயில் எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.

என் தங்கை ராக்னில்லின் கணவன் ஐவின் மலைமேல் விடுமுறை வீடு கட்டினான். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, தரை முழுக்கக் கருப்பு டைல்ஸ். கம்பியை நான்தான் பதித்தேன். டைல்ஸ் ஒட்டும் முன்பும் பின்பும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். என் வேலையில் குறை சொல்ல ஆளில்லை.

"ஒரு விறகடுப்பும் வச்சுக்கோ மாப்ள. மலையில கரன்ட்ட மட்டும் நம்பி இருக்க முடியாது," என்றேன்.

"கரி, புகை, சாம்பல்... நீ எந்தக் காலத்துல இருக்க மச்சான்?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். சுவரில் சுவிட்ச்கூடக் கூடாதாம், அழகு கெட்டுவிடுமாம். இங்கே பலரும் கிளம்பும் முன்பே கைபேசியில் மலைவீட்டைச் சூடாக்கிக்கொள்வார்கள். துரைக்கு அது போதாது. வீட்டு மின்சாரம் மொத்தமும் கைபேசிக்குள் அடங்க வேண்டும் என்றான். செய்துகொடுத்தேன். பழுது பார்க்க வசதியாக என் கைபேசியிலும் வைத்துக்கொண்டேன்.

விருந்தாளிகள் வந்தால் முதலில் காலுறையைக் கழற்றச் சொல்வான். ராக்னில் பின்னிய கம்பளிக் காலுறைகளை ஒருநாள் நாய்க்குத் தூக்கிப் போட்டு, "இனிமே இதுக்கு இங்க என்ன வேலை?" என்றான். அவள் சிரித்துச் சமாளித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்.

பிப்ரவரி விடுமுறையில் பனிப்புயல் அடித்து மலைச்சாலையை மூடிவிட்டார்கள். மேலே ஐவின் தனியாக இருக்கிறான் என்றுதான் நினைத்தேன். காபியைக் குடித்துக்கொண்டே அந்த வீட்டின் மின்சாரத்தை அணைத்தேன். அவன் கைபேசியிலிருந்து போட முடியாதபடியும் செய்தேன்.

சாயங்காலம் கூப்பிட்டான். "மச்சான், தரை ஐஸா கெடக்கு. உன் கம்பி புட்டுக்கிச்சு போல."

என் கம்பியாம். "காலுறை போட்டுக்கோ மாப்ள," என்றேன்.

பின்னாலிருந்து ராக்னில்லின் குரல் கேட்டது. "போன்ல சார்ஜ் தீரப் போவுதுங்க. மீட்புக்குழுவுக்கு அண்ணனையே சொல்லச் சொல்லுங்க."

அப்போதே போட்டிருக்கலாம், ஒரு விரல் வேலை. ஆனால் தரை உடனே சூடானால், "பாத்தியா, அடுப்பெல்லாம் எதுக்கு?" என்று அவன் மறுபடி இளிப்பான். அடுப்பு விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"சொல்லிட்டேன், வந்துட்டிருக்காங்க. நீங்க வெளிய எங்கயும் போகாதீங்க," என்றேன். நான் யாருக்கும் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்துப் புயல் ஓய்ந்த அன்று காலையில், சாலை திறந்து ஆட்கள் மேலே போகும் முன்பே மின்சாரத்தைப் போட்டுவிட்டேன். கம்பியில் பழுதில்லை என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அவர்கள் போனபோது தரை நல்ல வெதுவெதுப்பாக இருந்ததாம். இருவரும் அதன்மேல் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு விறைத்துப்போய்க் கிடந்தார்களாம். நாயிடமிருந்து பிடுங்கி அவள் ஒளித்து வைத்திருந்த காலுறைகள் ஐவினின் கால்களில் இருந்தன. ராக்னில் வெறுங்காலோடு இருந்தாள்.

ஏன் செய்தாய் என்றுதானே கேட்கிறீர்கள்? கூடப் பிறந்தவளை ஒருவன் அப்படி மட்டமாக நடத்தினால், ஒரு அண்ணன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?