வேரா, தண்டா

எழுபதுகளில் ஒரு காலை, திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் ஒரு கல்லூரிப் பெண் தன் மதினியோடு உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணன் பிளேடை எடுத்துட்டு வந்துட்டேன், மதினி. இன்னைக்குத் தாடியோட இருக்கட்டும்.”

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பரீட்சைக்குப் பிளேடு எதுக்கு, சரசு?”

“செடியில ஒரு துண்டு தருவாக. அதை மெல்லிசாச் சீவி மைக்ராஸ்கோப்புல வச்சு, வேரா தண்டான்னு சொல்லணும்.”

“மண்ணுக்குள்ள இருந்தா வேரு, வெளிய இருந்தா தண்டு. இதுல என்ன குழப்பம்?”

“துண்டாக்கிட்டா அப்படித் தெரியாது மதினி. உள்ள தண்ணி ஏறுற குழாய் இருக்கு, சாப்பாடு போற குழாய் இருக்கு. தண்டுல ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். வேருல மாறி மாறித் தனித்தனியா நிக்கும். போன தடவை கனமாச் சீவிட்டேன், ஒரே இருட்டாத் தெரிஞ்சது. வேரைத் தண்டுன்னு எழுதிப் பெயிலாயிட்டேன்.”

மதினி அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் கீறல்.

“கத்திரி, ஆமணக்கு, ஒரு செடி விடலை. இப்ப நல்லாச் சீவுறேன்.”

“இந்தத் தடவையும் போச்சுன்னா மாப்பிள்ளை பாத்துருவேன்னு உங்க அண்ணன் சொல்லிட்டாகளே.”

“போச்சுன்னா மறுபடி எழுதுவேன்.”

மதினி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“எழுது. அவுககிட்ட நான் பேசிக்கிறேன்.”

“நீங்களா? அண்ணனை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்லையே.”

“இன்னைக்குப் பேசுறேன்.”

அருப்புக்கோட்டையில் இறங்கியதும் சரசு கல்லூரிப் பக்கம் நடந்தாள். மதினி நின்று பார்க்கவில்லை. திருச்சுழிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸில் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.