அக்காவின் நரைமுடி

அச்சில் கறுப்பு தானாக வந்துவிடும். வெள்ளைதான் மனிதனைப் பாடாய்ப் படுத்தும். நீங்கள் போலீஸ்காரர், இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நான் செய்வது பிளாட்டினம் அச்சு. கடையில் விற்கும் போட்டோத்தாள் இதற்கு ஆகாது. பிளாட்டினம், பல்லேடியம் உப்புகளை இரும்புக் கரைசலோடு கலந்து, நல்ல கெட்டித் தாளில் தூரிகையால் பூசிக் காயவைக்க வேண்டும். அதன்மேல் நெகட்டிவை வைத்து வெளிச்சம் காட்டி மருந்தில் போட்டால் படம் எழும். பேரன் காலத்திலும் மங்காது.

நான் அச்சிட்டுக்கொண்டிருந்தது என் அக்காவின் முகத்தை. கல்யாணம் ஆகாத எனக்கு அவள் ஒருத்திதான் குடும்பம். நுரையீரல் கெட்டுப்போய், ஆக்ஸிஜன் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு பக்கத்து அறையில் படுத்திருந்தாள். படத்தில் அவள் முடி பஞ்சாக வெளுத்திருக்க வேண்டும். எனக்கோ ஒவ்வொரு தடவையும் சாம்பல் பூசினாற்போல் வந்தது. படக் காட்சிக்கூடம் நடத்தும் பெண்மணி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"முடி அழுக்கா தெரியுதுங்க. சுத்தமா ஒண்ணு குடுங்க, மாட்டுறேன். இல்லேன்னா அந்தச் சுவரை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

இத்தனை வருஷத்தில் எனக்கென்று கிடைத்த ஒரே சுவர் அது.

கோளாறைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். தாளை மாற்றினேன், சாம்பல். தூரிகையை மாற்றினேன், விளக்கை மாற்றினேன், ஜன்னல் இடுக்கையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்தேன், கழுவும் தண்ணீரைக்கூட விலைக்கு வாங்கினேன். சாம்பல்தான். மண்டை காய்ந்துவிட்டது. அக்காவிடம் காட்டினால் சிரித்தாள்.

"விடுடா, வயசு கொறைஞ்சாப்ல இருக்கேன்," என்றாள். பிறகு, "அந்த இரும்புத் தண்ணி பாட்டில் ரொம்ப நாளா அலமாரியில கெடக்கே, அதை மாத்திப் பாத்தியா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கரைசல் நானே என் கையால் கலக்கியது. அதில் குறை வர வாய்ப்பே இல்லை. படுத்த இடத்திலிருந்து யோசனை சொல்வது யாருக்கும் சுலபம்.

பூசிய தாளில் சூடு அதிகம் பட்டாலும் வெள்ளை கெட்டுப்போகும். என் தாள்கள் காய்வது பலகைத் தடுப்பை ஒட்டி. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் மெஷின், ஓயாமல் பின்புறமாக அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். வேறு இடத்துக்கு நகர்த்தியிருக்கலாமே என்பீர்கள். வீடே இரண்டு அறைதான். நகர்த்தினால் அனலும் கூடவே நகரும், போகாது. அரைகுறைச் சோதனை எனக்குப் பிடிக்காது.

பிளக் என் அறையில்தான் இருந்தது. பிடுங்கினேன். மெஷின் சற்று நேரம் கத்திவிட்டு அடங்கியது. நான் கரைசலைக் கலந்து பூச ஆரம்பித்தேன்.

"தம்பி, கரண்ட் போச்சாடா?"

"ஆமாக்கா. இப்ப வந்துடும்."

தூரிகையைத் தாளில் வைத்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது, திட்டுத் திட்டாகிவிடும்.

"உன் ரூம்ல லைட்டு எரியுதேடா."

நான் பூசிக்கொண்டே இருந்தேன். வேலையின் நடுவே பேச்சுக் கொடுத்தால் எனக்கு எப்போதுமே எரிச்சல் வரும். அப்புறம் தடுப்பைத் தட்டினாள். ஈரத் தாளில் தூசி விழுமே என்று கோபம் வந்தது. தட்டாதே என்று சொன்னேன். மறுபடி இரண்டொரு தடவை மெதுவாகத் தட்டினாள், பிறகு தட்டவில்லை.

செய்ததை மறைக்கும் பழக்கம் எனக்கில்லை. மெஷின் நின்றால் அவள் மூச்சும் நிற்கும் என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். தெரிந்துதான் பிடுங்கினேன். தாள் நன்றாகக் காய்ந்தது. வெளிச்சம் காட்டினேன், மருந்தில் போட்டேன். முகம் அழகாக எழுந்தது. முடி அதே சாம்பல்.

ஆக, மெஷின் காரணமில்லை. அந்த மட்டில் சோதனை வீண்போகவில்லை. இப்போது அவள் அறை காலியாக இருக்கிறது. அதே கரைசலைப் பூசி, தாளை அங்கே காயவைத்துப் பார்க்க வேண்டும். என்னை எப்போது வீட்டுக்கு விடுவீர்கள்?